போன் பவுச்: முதலில் முதுகைப் பாருங்கள்

பெல்ட்டில் மாட்டும் போன் பவுச் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தோல் பளபளக்கிறதா, காந்த மூடி டக்கென்று ஒட்டுகிறதா, கம்பெனிப் பெயர் பதித்திருக்கிறதா என்று. அதெல்லாம் அப்புறம். கையில் வாங்கியதும் திருப்பி முதுகைப் பாருங்கள். பவுச்சை இடுப்போடு சேர்க்கும் லூப்போ (பெல்ட் நுழையும் பட்டை வளையம்) கிளிப்போ அங்கேதான் இருக்கிறது. பவுச் கிழிந்து போன் விழுவது அபூர்வம். கிளிப் கழன்றோ லூப்பின் தையல் விட்டோ, பவுச்சும் போனுமாகச் சேர்ந்து வாய்க்காலுக்குள் போவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எங்கு வயல்வேலை பார்த்தாலும் போனை வைக்க நல்ல இடம் கிடையாது. சட்டைப்பையில் வைத்தால் மடை திறக்கக் குனியும்போது தண்ணீரில் விழும். பேண்ட் பையில் வைத்தால் வரப்பில் உட்காரும்போது வளையும். கைலி மடியில் சொருகினால் வியர்வையில் நனையும். ஆனால் மோட்டாரைப் போடும் மொபைல் ஸ்டார்ட்டர், உழவன் செயலி, கொள்முதல் நிலையத்துக்கான ஆன்லைன் பதிவு, உரக்கடையில் யூபிஐ என்று எல்லாம் அந்த ஒரு போனில்தான். அதனால் பவுச் என்பது இங்கே வேலைக்கருவி. மண்வெட்டிக்குப் பிடி பார்ப்பதுபோல் பார்த்து வாங்க வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே பிரித்துக்கொள்வது நல்லது. விழுந்தால் அடி வாங்குவது பேக் கவரின் வேலை. தண்ணீரைத் தடுப்பது போனின் சீலோ, நீர்புகா உறையோ செய்யும் வேலை. பவுச்சின் வேலை பிடித்து வைத்திருப்பதும் உரசலைத் தடுப்பதும் மட்டுமே. மூன்றையும் நானே செய்கிறேன் என்று அட்டைப்பெட்டியில் போட்டுக்கொள்ளும் பவுச் பெரும்பாலும் தடித்துப்போய், குனிந்தால் வயிற்றில் குத்தும். சீக்கிரமே கழற்றி வைத்துவிடுவீர்கள்.

இனி முதுகு. சாலையோரக் கடைகளில் தொங்கும் பவுச்சுகளில் பாதிக்கு மேல் கிளிப் வகைதான். கிளிப்பில் இரண்டு வகை. ஒன்று தகட்டால் ஆன வளைந்த கிளிப், இன்னொன்று ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் கிளிப். தகட்டுக் கிளிப்பில் பார்க்க வேண்டியது அதன் நுனி. நுனி உள்பக்கமாகக் கொக்கிபோல் மடிந்திருந்தால் பெல்ட்டின் கீழ் விளிம்பில் மாட்டிக்கொள்ளும்; மேல்நோக்கி இழுபட்டாலும் சுலபத்தில் கழலாது. நேராக முடிந்தால், டிராக்டரில் ஏறும்போது தொடை மேலே தள்ளிய மறுகணம் பவுச் தரையில் கிடக்கும். பிளாஸ்டிக் கிளிப்பை இரண்டு மூன்று முறை அகலத் திறந்து, வளைவின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஏற்கெனவே களைத்துவிட்டது. உடையப்போவது அந்தக் கோட்டில்தான். புதுப் பவுச்சிலேயே கோடு தெரிவதும் உண்டு. அதைத் தொட வேண்டாம்.

சுழலும் கிளிப்பும் இருக்கிறது. பவுச்சின் முதுகில் ஒரு குமிழ், அது கிளிப்பில் உள்ள குழியில் உட்காரும், எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். நூறு கிராம் எடையில் போன் வந்த காலத்தில் இது சரியாக இருந்தது. இப்போதைய பெரிய போன் பேக் கவரோடு 220 முதல் 250 கிராம் வரும். நடக்க நடக்க அந்தக் கனம் குமிழை ஆட்டி ஆட்டி, உள்ளே இருக்கும் பல் தேய்ந்துவிடும். பிறகு பவுச் தானாகத் தலைகீழாகத் திரும்பும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குச் சரி, வயலுக்கு வேண்டாம்.

கிளிப்பைவிட லூப் நம்பகமானது. மாட்டவும் கழற்றவும் பெல்ட்டை உருவ வேண்டும் என்பது தொல்லைதான், ஆனால் அதே காரணத்தால்தான் அது விழுவதில்லை. லூப்பில் பார்க்க வேண்டியது தையல். பட்டையின் நுனி பவுச்சின் மூட்டுக்குள் சொருகித் தைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது மேலே வைத்து ஒரே வரியில் தைத்திருக்கிறார்களா? ஒற்றை வரி என்றால் இழுவை முழுவதும் அந்த வரியின் ஓரத் துளையில் விழுந்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிரியும். சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்கே பெருக்கல் குறி போட்டிருந்தால் இழுவை பரவிவிடும். விரலை லூப்பில் கோத்து ஓர் உலுக்கு உலுக்குங்கள். ஊசித் துளைகள் வாய் திறப்பது தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரெக்சினில் இது இன்னும் மோசம். நெருக்கமாகத் தைத்தால் துளை வரிசையே கிழியும் கோடாகிவிடும்.

அடுத்தது பெல்ட்டின் அகலம். கடைப் பவுச்சின் லூப் பேண்ட் பெல்ட்டுக்காகச் செய்தது. 35 முதல் 40 மில்லிமீட்டர் வரைதான் உள்ளே போகும். கைலி மேல் கட்டும் பச்சை பெல்ட் மூன்று, நான்கு அங்குல அகலம். அதில் இந்த லூப் நுழையாது. கிளிப்பும் முழு அகலத்தைக் கவ்வாமல் பாதியில் நிற்கும். பச்சை பெல்ட்டில் இருக்கும் பையோ பணத்துக்கும் வெற்றிலைக்கும் அளவெடுத்தது. 165 மில்லிமீட்டர் நீளப் போன் அதில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கைலி முடிச்சில் கிளிப்பை மாட்டுவது எல்லாவற்றையும்விடக் கெடுதல். கால் கிலோ கனம் ஒரே பக்கம் இழுத்தால் முடிச்சு தளரும், முடிச்சு தளர்ந்தால் கிளிப்புக்குப் பிடிமானம் கிடையாது.

கைலி, வேட்டிக்காரர்களுக்கு நான் சொல்வது தனி நாடா பெல்ட். ஸ்கூல் பேக்கில் வருகிற 38 மில்லிமீட்டர் நைலான் நாடா ஒன்றரை மீட்டர், பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் பக்கிள் ஒன்று, நீளம் கூட்டிக் குறைக்க ஒரு வளையம். இதைக் கைலிக்கு மேல் தனியாகக் கட்டிக்கொண்டு பவுச்சை அதில் கோத்துவிட்டால் கைலி அவிழ்த்துக் கட்டும்போதும் போன் இடுப்பிலேயே இருக்கும். நடவுக்குப் போகும் பெண்களுக்கும் இதுவே தோது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் சேற்றில் இறங்குகிறார்கள். நாடா பெல்ட்டைச் சட்டைக்கு உள்ளே, சேலைக்கு மேலே கட்டி, பவுச்சை இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் தள்ளிவிட்டால் மணிக்கணக்கில் குனிந்திருந்தாலும் வயிற்றில் குத்தாது, சேறும் நேராகத் தெறிக்காது. ஜாக்கெட்டுக்குள் போனை வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வியர்வை நேராகச் சார்ஜ் துவாரத்தில் இறங்குகிறது.

நின்ற வாக்கில் மாட்டுவதா, படுத்த வாக்கிலா? கடைக்காரர் நின்ற வாக்குப் பவுச்சை எடுத்துப் போட்டு, “எல்லா போனுக்கும் சேரும்ணே” என்பார். போனுக்குச் சேரும், உங்கள் உடம்புக்குச் சேருமா என்பதுதான் கேள்வி. வாங்கும் முன் பவுச்சை மாட்டிக்கொண்டு கடை வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். கூச்சப்படத் தேவையில்லை. தொடை மேலே வரும்போது நின்ற வாக்குப் பவுச்சின் அடிமுனையைத் தள்ளும். கிளிப் கழன்றுகொள்வது, போன் மேல்வழியாக எட்டிப் பார்ப்பது, பவர் பட்டன் அழுந்துவது எல்லாம் அந்த ஒரு நொடியில் நடப்பவை. வரப்பில் உட்காருகிறவர்கள், பைக் ஓட்டுகிறவர்கள், கொத்தனார், எலெக்ட்ரீஷியன், கழிவறையில் குத்தவைத்து உட்காரும் எல்லோருக்கும் படுத்த வாக்குதான் சரி. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் நின்ற வாக்கு. படுத்த வாக்கிலும் மூடி மேலிருந்து கீழாக, உடம்புக்கு வெளிப்பக்கம் விழ வேண்டும். பக்கவாட்டில் திறக்கும் வகை வேண்டாம். ஓடினால் போன் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வரும்.

போனைத் திரை உடம்புப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். டிரெய்லர் கதவும் மோட்டார் கொட்டகைச் சுவரும் இடிப்பது வெளிப்பக்கத்தில். அந்த அடி பேக் கவரில் விழட்டும்.

அளவெடுப்பதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. போனின் பெட்டியில் போட்டிருக்கும் அளவு வெறும் போனுக்கு. பேக் கவரோடு அளக்க வேண்டும். கவர் போட்டால் நீளத்திலும் அகலத்திலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடும், தடிமன் 8 அல்லது 9 இலிருந்து 11, 12க்குப் போய்விடும். ஒரு நூலைப் போனின் நடுவில், நின்ற வாக்குப் பவுச்சுக்கு அகலவாட்டிலும் படுத்த வாக்குக்கு நீளவாட்டிலும் சுற்றி அந்தச் சுற்றளவை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். பவுச்சின் உள் சுற்றளவு அதைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். இஞ்சுக் கணக்கில், ‘6.7 இஞ்சு போனுக்கு’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அது திரையின் மூலைவிட்டம். ஒரே மூலைவிட்டத்தில் ஒன்று நெட்டையாகவும் ஒன்று அகலமாகவும் வரும்.

கடையில் இரண்டு சோதனை செய்யலாம். மூடியைத் திறந்துவிட்டு, கீழே கையை ஏந்திக்கொண்டு பவுச்சைத் தலைகீழாகப் பிடியுங்கள். போன் சர்ரென்று இறங்கினால் தொளதொள. பிறகு இடுப்பில் மாட்டி ஒரே கையால் போனை உருவுங்கள். இன்னொரு கையால் பவுச்சைப் பிடித்தால்தான் வருகிறது என்றால் இறுக்கம். தோல் பவுச் மட்டும் இதற்கு விலக்கு. தோல் பழகப் பழகக் கொஞ்சம் விரியும், அதனால் லேசான இறுக்கத்தோடு வாங்கலாம். நைலான் விரியாது. இறுக்கமான பவுச்சில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல போன்களில் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறையோ ஐந்து முறையோ அழுத்தினால் 112க்கு அவசர அழைப்பு போகும். பவுச்சுக்குள் பட்டன் அழுந்திக்கொண்டே இருந்தால், நீங்கள் களை பறித்துக்கொண்டிருக்கும்போது அங்கே போன் மணி அடிக்கும். அந்த வசதியை அணைத்து வைக்காதீர்கள், பவுச்சை மாற்றுங்கள்.

மூடியை எது பிடிக்கிறது என்பதில் நம் ஊர் மண்ணும் நெல்லும் குறுக்கே வரும். வெல்க்ரோ எனும் ஒட்டுப் பட்டி நகரத்தில் நன்றாக இருக்கும். அறுவடைக் களத்தில் ஒரு சீசன் தாங்காது. கதிர் அறுக்கும் இயந்திரம் ஓடும் வயலில் காற்று முழுக்கச் சுணையும் வைக்கோல் தூசும்தான். கரடுமுரடான பக்கத்தை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு கொக்கிக்கும் நடுவே சுணை சிக்கி, பஞ்சுபோல் அடைந்திருக்கும். கொக்கிக்கு இடம் இல்லாததால் மெத்துப் பக்கத்தைப் பிடிக்க முடிவதில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒரே திசையில் வாரி எடுத்தால் மறுபடி பிடிக்கும். கொக்கிகளே நிமிர்ந்துபோயிருந்தால் வாருவதில் பயன் இல்லை.

காந்த மூடி திறக்க வசதி. ஆனால் ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் துகள் இருக்கிறது. மாட்டிய சில நாளில் காந்தத்தின் மேல் கறுப்பு மீசைபோல் அது முளைக்கும். அதோடு சேர்ந்து உள்ளே போகும் சாதாரண மணல்தான் ஆபத்து. மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் 7. போன் கண்ணாடியில் 6 என்ற அளவிலேயே கீறல் விழத் தொடங்கும். காந்தம் போனின் திசைகாட்டியையும் குழப்பும். வரைபடத்தில் அம்பு தப்பான பக்கம் காட்டினால் போனைப் பவுச்சை விட்டு வெளியே எடுத்து, எட்டு வடிவத்தில் நாலைந்து தரம் வீசுங்கள், சரியாகிவிடும்.

என் தேர்வு பிரஸ் பட்டன், அல்லது சின்ன பிளாஸ்டிக் பக்கிள். பித்தளை பிரஸ் பட்டனாக இருந்தால் இன்னும் நல்லது. கையுறை போட்டிருந்தாலும், விரலில் சேறு இருந்தாலும் திறக்கலாம், மூடினால் சத்தம் கேட்கும், மூடிவிட்டோம் என்று தெரியும். வேளாங்கண்ணிக் கூட்டத்திலோ தேர்க் கூட்டத்திலோ காந்த மூடியைவிட இது திருடனுக்குச் சிரமம் கொடுக்கும். அங்கே பவுச்சை முன்பக்கமாக நகர்த்திக்கொள்வதும் நல்லது. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, வீட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண் வேண்டும். பவுச்சின் உள்மடிப்பில் வீட்டிலுள்ள வேறொருவர் எண்ணை எழுதிய சீட்டைச் செருகி வைத்தால், நல்ல மனசுக்காரர் கையில் கிடைத்தால் திரும்பி வரும்.

துணி எது என்பதை மழைக்காலம் தீர்மானிக்கும். ரெக்சின் பவுச் கோடையில் வாங்கினால் அழகாகத்தான் இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதன் மேல்பூச்சை உள்ளிருந்தே சிதைக்கும். ஓரிரு வருடத்தில் செதில் செதிலாக உதிரும், சட்டையில் கறுப்பு ஒட்டும். பராமரித்து இதைத் தடுக்க முடியாது, பொருளின் இயல்பே அது. தோல் பல வருடம் உழைக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த தோலை அலமாரியில் வைத்தால் நாலு நாளில் வெள்ளைப் பூஞ்சை. வெயிலில் காய வைத்தால் விறைத்து வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், உள்ளே பழைய செய்தித்தாளை அடைத்துக் காய வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இருக்கிறவர்கள் தோல் வாங்கலாம். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு ஸ்கூல் பேக் தைக்கும் தடித்த நைலான் துணியே போதும். ஊற வைத்து, சோப்புப் போட்டு, உள்ளை வெளியே திருப்பி அலசலாம். அடியில் இரண்டு மூலையிலும் சின்ன ஓட்டை இருக்கிற பவுச்சாகப் பாருங்கள். தண்ணீரும் மணலும் தங்காமல் இறங்கிவிடும்.

மருந்து தெளிக்கும் நாளில் பவுச் வேண்டாம். 16 லிட்டர் கைத்தெளிப்பான் முதுகில் கசிந்தால் அந்தத் தண்ணீர் இறங்கும் இடம் இடுப்புதான். துணி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு அதே துணியைத் தொட்ட போனைக் கன்னத்தில் வைப்பீர்கள். அன்றைக்குப் போனை ஜிப்புள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு மேட்டிலோ வண்டியிலோ வைத்துவிடுங்கள்.

கடலோரத்துக்கு விதி வேறு. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் உப்பளம் பக்கம் முலாம் பூசிய இரும்புக் கிளிப் வெட்டு விளிம்பிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். வாங்கும்போதே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். வலுவாக இழுத்து ஒட்டினால் அது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. ஒட்டாமலோ மிக லேசாக ஒட்டினாலோ வாங்கலாம். போன் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதைச் சொல்லும் குறியையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம், ஐபி68 என்றால் அதைவிடக் கூடுதலாகத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு. இரண்டுமே நல்ல தண்ணீரில் செய்த சோதனை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஃபைபர் படகில் போகிறவர்கள் பவுச்சை நம்பாமல், வாயை மடித்துக் கிளாம்ப் போடும் நீர்புகா உறையில் கொஞ்சம் காற்றோடு அடைத்து, அதை உடம்போடு கயிற்றில் கட்டிக்கொள்வதே சரி. காற்று இருந்தால் மிதக்கும்.

எந்தத் தண்ணீரில் விழுந்தாலும் எடுத்ததும் அணைத்துவிட்டு, சார்ஜ் துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள். அன்றைக்குச் சார்ஜ் போட வேண்டாம். அரிசிக்குள் புதைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை, தவிடும் குறுநொய்யும் துவாரத்தில் போய் அடைத்துக்கொள்ளும். 2024இல் ஆப்பிள் நிறுவனமே இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டது. ஃபேன் காற்று போதும்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுவெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. நம் சித்திரை, வைகாசி அதைத் தாண்டிவிடும். கறுப்புப் பவுச்சுக்குள் ஹாட்ஸ்பாட்டை ஓடவிட்டு வெயிலில் நின்றால் பேட்டரியின் ஆயுள் குறையும். காக்கி, சாம்பல் நிறம் எடுங்கள். பவுச்சுக்குள் வைத்தே சார்ஜ் போடாதீர்கள். உள்ளே விறைப்புக்காக இரும்புத் தகடு வைத்த பவுச்சுகளையும் தவிர்க்கலாம். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் போனின் கதிர்வீச்சை உடம்பு உறிஞ்சும் அளவுக்கு (எஸ்ஏஆர்) வரம்பு உடல் திசு கிலோவுக்கு 1.6 வாட், உங்கள் போனின் எண் *#07# போட்டால் வரும். உடம்போடு சேர்த்து வைக்கும் உறையில் உலோகம் இருக்கக் கூடாது என்று பல போன்களின் கையேடுகளே சொல்கின்றன. சிக்னலுக்கும் உலோகம் இடைஞ்சல்.

இத்தனையும் பொருந்தியது கடையில் கிடைக்கவில்லை என்றால் பை தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். பேருந்து நிலையத்தை ஒட்டி பேக் ரிப்பேர் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கவரோடு 168 நீளம், 80 அகலம், 12 தடிமன் (எல்லாம் மில்லிமீட்டரில்) உள்ள போனுக்குப் படுத்த வாக்கில் கணக்கு இப்படி வரும். சுற்றளவு 360, இளக்கம் 6, இரு பக்கத் தையலுக்கு 20. ஆக 386, தாராளமாக 390. உயரத்துக்கு அகலம் 80, அடித் தடிமனுக்கு 6, அடித்தையலுக்கு 10, வாய் மடிப்புக்கு 15. ஆக 111, 115 என்று வெட்டலாம். மூடிக்கு 120 அகலம், 95 நீளம். அதில் 30 முதுகில் தைக்கப் போகும், 12 போனின் தடிமனைத் தாண்டும், மிச்சம் முன்னால் இறங்கும். லூப் இரண்டு, 38 மில்லிமீட்டர் நாடாவில், நடுவுக்கு நடு 90 இடைவெளி. ஒரே லூப் என்றால் பவுச் சாய்ந்து ஆடும். நாடா வெட்டும் நீளம் பெல்ட்டின் அகலத்தோடு 50. நாடா பெல்ட்டுக்கும் பேண்ட் பெல்ட்டுக்கும் 90, மூன்று அங்குலப் பச்சை பெல்ட்டுக்கு 125.

லூப்பை முதலில் தைக்கச் சொல்லுங்கள், பக்கங்களை மூடுவதற்கு முன்பே. மூடிய பிறகு மெஷின் உள்ளே போகாது, ஓரத்தில் கையால் நாலு தையல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். லூப் வரும் இடத்தில் உள்பக்கம் இன்னொரு துண்டுத் துணி வைத்து, சதுரமும் பெருக்கலுமாகத் தைக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையிலும் சேற்றிலும் இற்றுவிடும். நைலான் நூலா என்று நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும், உருகி மணியாகத் திரண்டால் சரி, சாம்பலானால் பருத்தி. அளவு பார்க்கப் போனை அங்கே விட்டுவிட்டு வர வேண்டாம். அட்டைகளை அடுக்கி ஒட்டி, 168க்கு 80க்கு 12 என்று ஒரு கட்டை செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். தைக்கிறவர் அதைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்துக்கொள்வார்.